பலகை எழுதியவள்

ஜன்னலோரம் நீங்களே உட்காருங்கள், எனக்கு வெயில் ஆகாது. பையை மட்டும் என் பக்கம் சாய்க்காமல் வையுங்கள். இந்தக் கவரில் பட்டுப்புடவை இருக்கிறது. பெங்களூரில் இறங்கினதும் ஸ்டேஷன் வெயிட்டிங் ரூமில் மாற்றிக்கொள்ள வேண்டும். சாயங்காலம் மியூசியத்தில் ஒரு கூட்டம். கல்யாணமில்லை, காதுகுத்தில்லை, மியூசியம். நீங்கள் கேட்கவில்லைதான், ஆனால் உங்கள் முகம் கேட்கிறது.

இந்த நவீன ஓவியம், நவீன சிற்பம் என்கிறார்களே, அந்தக் கண்காட்சிக்கெல்லாம் போயிருக்கிறீர்களா? போனதில்லையா? ஒன்றும் நஷ்டமில்லை. நான் போயிருக்கிறேன். போனது மட்டுமில்லை, வேலையே பார்த்திருக்கிறேன். என் பெண் மிருணாளினி அதில்தான் இருக்கிறாள். பி.டெக். சேர்த்துவிடுகிறேன் என்று அவள் அப்பா கெஞ்சினார். கேட்டாளா? ஆழ்வார்ப்பேட்டையில் ஒரு பழைய பங்களாவை வெள்ளையடித்து கேலரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அதில் ஒருங்கிணைப்பாளர். என்னடி ஒருங்கிணைக்கிறாய் என்று கேட்டால் சிரிப்பாள். போய்ப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. சுவருக்கு வெள்ளை அடிப்பார்கள். அந்த வெள்ளை போதாது என்று மறுபடியும் வெள்ளை அடிப்பார்கள். கொத்தனார் வைக்கிற ரசமட்டத்தை வைத்து ஒரு படத்தை அரை நாள் நிமிர்த்துவார்கள். படத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தால், ஒரு கோடு. அதுவும் கோணல்! கோணல் கோட்டை நேராக மாட்டுவதற்கு ரசமட்டம்.

பக்கத்தில் ஒரு லேபிள் ஒட்டுவார்கள். 'தலைப்பு இல்லை' என்று. தலைப்பு வைக்கக்கூட சோம்பல். அதற்குக் கீழே ஒரு பாரா. 'வெளிகளுக்கிடையேயான மௌனத்தைக் கேள்விக்குட்படுத்துகிறது.' நான் கான்வென்டில் படித்தவள். எங்கள் தமிழ் மிஸ் இப்படி ஒரு வாக்கியத்தைக் கண்டால் நோட்டை ஜன்னல் வழியாக எறிவார். கையெழுத்துப் போட்டியில் இங்கிலீஷுக்கும் தமிழுக்கும் நான்தான் முதல். சிஸ்டர் பெர்னதத் என் நோட்டை மற்ற வகுப்புகளுக்கு எடுத்துக்கொண்டு போய்க் காட்டுவார். அதை எதற்குச் சொல்கிறேன் என்றால், காரணம் இருக்கிறது. விஷயமே அதில்தான் இருக்கிறது.

போன மாசி மாதம் மிருணா தனியாகப் பொறுப்பெடுத்து நடத்தின முதல் கண்காட்சி. வீட்டுக்கே வரமாட்டாள். வந்தாலும் சாப்பிடமாட்டாள். திறப்பு விழா அன்று மத்தியானம், பெற்ற வயிறு கேட்கவில்லை, தயிர்சாதம் கட்டிக்கொண்டு போனேன். உள்ளே ஏணி, ஒயர், பெயின்ட் டப்பா, கல்யாண மண்டபத்தில் தாலி கட்டுகிற நேரத்துக்குப் பந்தல் போடுவதைப் போல. அந்த கேலரியின் முதலாளியம்மா, ரேணுகா மேடம், 'பல்லாங்குழி'யைக்கூட 'பல்லங்குலி' என்று சொல்கிற ரகம், வாசலில் நின்றுகொண்டு யாரையோ போனில் திட்டிக்கொண்டிருந்தாள். மிருணா என்னைப் பார்த்ததும் சாப்பாட்டுப் பையைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தாள்.

"அம்மா, நல்லவேளை வந்தே. வினைல் எழுத்து ஒட்டறவன் காலை வாரிட்டான். மேல் ஹால்ல கண்ணாடி வொர்க் இருக்கு, ஸ்கூல் பசங்கள்லாம் வராங்க. 'தொடாதீர்கள்'னு தமிழ்ல நாலஞ்சு போர்டு எழுதிக் குடேன். உன் எழுத்துல. ப்ளீஸ்மா."

உன் எழுத்துல. கவனித்தீர்களா? அவளே சொன்னாள்.

பட்டை நிப் பேனாவும் தடித்த வெள்ளை அட்டையும் கொடுத்துவிட்டு, யாரோ விமர்சகரை ஏர்போர்ட்டிலிருந்து கூட்டிவர ஓடிவிட்டாள். நான் உட்கார்ந்தேன். 'தொடாதீர்கள்' என்று ஒரு தடவை பென்சிலால் எழுதிப் பார்த்தேன். பார்க்கவே பாத்திரக்கடை மாதிரி இருந்தது. எடுத்துப் பார்த்து உடைத்தால் காசு வைக்க வேண்டும் என்று எழுதியிருப்பார்களே, அந்தத் தமிழ். அத்தனை பெரிய மனிதர்கள் வருகிற இடத்தில் அப்படியா வைப்பது? கொஞ்சம் இலக்கியமாக இருக்கட்டும் என்று யோசித்தேன். தென்றல் தீண்டியது என்று எழுதுவதில்லையா? அழகான சொல். 'தீண்டாதீர்.' தீ, ண், டா. அந்த டாவின் காலை நான் இழுத்த இழுப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? நீங்களுமா! சரி, முழுக்கக் கேளுங்கள்.

மேல் ஹாலில் வைத்தாயிற்று. ஒரு அட்டை மீதி. கீழே இறங்கி வந்தால், பின்னால் இருக்கிற அறையின் வாசலில் ஒரு படுதா தொங்குகிறது. தோல். மேலிருந்து தரைவரைக்கும் தோல்துண்டுகள், கறுப்பும் பழுப்புமாக, ஒன்றோடு ஒன்று சேர்த்துத் தைத்தது. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வெட்டிப் போடுகிற மிச்சமாம். செய்தவள் பெயர் அமுதவல்லி. அந்த ஊர்க்காரி. அவள் அம்மா ஷூவுக்கு மேல்தோல் தைக்கிறவள், இரண்டு பேருமாக உட்கார்ந்து இதைத் தைத்தார்களாம். மிருணாவுக்கு அவள் உயிர்த்தோழி. 'அமுதா சொன்னா, அமுதா செஞ்சா' என்று வீட்டில் அதே பாட்டுதான். நல்ல பெண்தான், நான் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். ஹாலில் உட்காரவைத்து காபி கொடுத்திருக்கிறேன். எனக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. கான்வென்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் என்ன ஆள் என்றே எனக்குத் தெரியாது. பின்னால் தெரிந்தது, அது வேறு விஷயம்.

நீங்கள் எந்த ஊர் என்றீர்கள்? குடியாத்தமா. குடியாத்தத்தில் எந்தத் தெரு? சும்மா கேட்டேன். சொல்ல விருப்பமில்லையென்றால் வேண்டாம்.

அந்தப் படுதாவைப் பார்த்துக்கொண்டு நின்றேனா, ஏணிக்காரன் ஒருத்தன் வந்து இரண்டு கையாலும் அதை விலக்கிக்கொண்டு உள்ளே போனான். போனவன் திரும்பி வந்தான். மறுபடியும் கை. அந்தக் கையோடு போய் சமோசாத் தட்டைத் தூக்கினான். எனக்கு உடம்பு கூசியது. சுத்தம்தான் காரணம், வேறொன்றுமில்லை. அதுவும் போக, மற்ற எல்லாப் படைப்புக்கும் பலகை வைத்துவிட்டு இந்தப் பெண்ணுடையதற்கு மட்டும் வைக்காமல் விட்டால் அது ஓரவஞ்சனை இல்லையா? எல்லோரையும் சமமாக நடத்த வேண்டும் என்று மாரல் சயன்ஸில் படித்தவள் நான். சுவரோரம் இரண்டு பித்தளைக் கால்களும் சிவப்புக் கயிறும் கிடந்தன. எடுத்துப் படுதாவுக்கு முன்னால் கட்டினேன். கயிற்றின் நடுவில், வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி, என் பலகை.

'தீண்டாதீர்.'

பக்கத்தில் அவள் வைத்திருந்த லேபிளையும் அப்போதுதான் பார்த்தேன். 'உள்ள வாங்க. தோல், நூல், ஒலி.' அதுதான் அந்தப் படுதாவுக்குத் தலைப்பாம். 'உள்ளே வாருங்கள்' என்று எழுத வராதா? கண்காட்சியிலா வீட்டுப் பேச்சு? படுதாவைக் கையால் விலக்கினால்தான் உள்ளே போகலாமாம், உள்ளே இருட்டில் அவள் அம்மாவின் தையல் மெஷின் சத்தம் மட்டும் கேட்குமாம், தொடுவதற்காகவே செய்ததாம். இதெல்லாம் பிற்பாடு சொன்னார்கள். தொடுவதற்காகச் செய்ததை எதற்கு கேலரியில் வைக்கிறார்கள்? ரங்கநாதன் தெருவில் வைத்தால் நாளெல்லாம் தொடுவார்களே.

ஐந்து மணி வாக்கில் அமுதவல்லி வந்தாள், அம்மாவைக் கூட்டிக்கொண்டு. அந்த அம்மா நல்ல வாயில் புடவை, தலை நிறைய கனகாம்பரம். நான் காபியோடு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். மகள் யாரோடோ பேசிக்கொண்டு பின்தங்கிவிட்டாள். இந்த அம்மா நேராகத் தன் படுதாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கையை நீட்டிக்கொண்டு வந்தாள். நடுவில் கயிறு. பலகை. எழுத்துக்கூட்டிப் படித்தாள். எனக்குக் கேட்டது. தீ... ண்டா... தீர். படித்தவள் நீட்டின கையை எடுத்தாள். எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். ஓரடி பின்னால் போய், சுவரிலும் படாமல், நடுக்கூடத்தில் நின்றுகொண்டாள்.

பார்த்தீர்களா? நானாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. பலகையைப் படித்தாள், கீழ்ப்படிந்தாள். அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் ஒழுங்கு தெரிந்த ஒரே மனுஷி அவள்தான். நான்கூட அவளைப் பார்த்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மகள் வந்தாள். "இன்னாமா இங்கயே நின்னுட்ட? உள்ள போயி உன் மெஷினு சத்தத்தக் கேளு."

"தொடக் கூடாதாம்டி."

"யாரு சொன்னா?"

"எழுதி வெச்சிக்கிறாங்க பாரு. நம்மளுதுதானடி இது? நம்ம தெச்சதுதான?"

அமுதவல்லி பலகையைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். இந்தக் கலைஞர்களுக்குக் கத்தத்தான் தெரியும். கத்தவில்லை. அதற்குள் மிருணா விமர்சகரோடு வந்துவிட்டாள், ரேணுகா மேடமும் வந்தாள். "ஓ மை காட்" என்றாள் மேடம். தமிழ்ப் பலகையை அவள் படித்து முடித்ததே எனக்கு ஆச்சரியம்.

"யாரு எழுதினது இது?" என்றாள் அமுதவல்லி. மெதுவாகத்தான் கேட்டாள்.

நான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். எழுதினவள் நான், கேட்டால் சொல்ல வேண்டியதுதானே. வாயைத் திறந்தேன். மிருணா என் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை அவள் பிறந்ததிலிருந்து நான் பார்த்ததில்லை. பார்த்துவிட்டுத் திரும்பிச் சொன்னாள்:

"நான்தான் அமுதா. நான்தான் எழுதினேன்."

எப்படி இருக்கிறது! என் எழுத்து. என் டா. இவள் எழுதினாளாம்! இவள் கையெழுத்து கோழி கிளறின குப்பை. மூன்றாம் வகுப்பில் நான் கையைப் பிடித்து எழுதவைத்தும் 'ழ'வுக்குச் சுழி வராது. பெற்ற தாய் பக்கத்தில் நிற்கும்போதே அவள் உழைப்பைத் தன்னுடையது என்கிற நெஞ்சழுத்தம்!

"நீயா மிருணா?" என்றாள் அந்தப் பெண். "நீயா?"

"நான்தான்."

"இந்த வார்த்தையா ஒனக்குக் கெடச்சுது?"

நான்தான் சொன்னேன். "ஏம்மா, அந்த வார்த்தைக்கு என்ன குறைச்சல்? அகராதியில தொடுதலும் தீண்டலும் ஒண்ணுதான்." யாரும் என்னை லட்சியம் பண்ணவில்லை. மிருணா மட்டும் "அம்மா, வாயை மூடு" என்றாள். விமர்சகர் எதிரில்!

அந்தப் பெண் படுதாவைக் கழற்றப் போனாள். கொண்டுபோய்விடுகிறேன் என்றாள். ரேணுகா மேடம் கையைப் பிடித்தாள், ஸ்பான்சர் கார் வாசலில் நிற்கிறது என்று கெஞ்சினாள். அமுதவல்லி அவள் அம்மாவைப் பார்த்தாள். அந்த அம்மா இன்னும் கையை முந்தானையிலிருந்து எடுக்கவில்லை. என்ன நினைத்தாளோ, மகள் சொன்னாள்: "வேணாம். கழட்டல. பலகையும் இருக்கட்டும், கயிறும் இருக்கட்டும். இப்பிடியே இருக்கட்டும். எல்லாம் பாக்கட்டும்."

அப்படியே இருந்தது. அந்த ஒரு மாதமும் யாரும் அறைக்குள் போகவில்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, உள்ளே கேட்கிற மெஷின் சத்தத்தை எட்டக் கேட்டுவிட்டுப் போனார்கள். சில பேர் அழுதார்களாம். விமர்சகர் இங்கிலீஷ் பேப்பரில் எழுதினார். படுதாவைப் பற்றி இரண்டு வரி. மிச்சமெல்லாம் என் பலகை! 'மரியாதையின் வன்முறை' என்று தலைப்பு. எனக்குச் சிரிப்பு வந்தது. மரியாதை இருக்கிறதைக் கண்டுபிடித்துவிட்டாரே, அதுவரைக்கும் சந்தோஷம். நான் என்ன 'தீண்டாதே' என்றா எழுதினேன்? 'தீண்டாதீர்.' ஈர் விகுதி. மரியாதைப் பன்மை.

இவர், என் வீட்டுக்காரர், அவரும் சேர்ந்துகொண்டார். "வசுந்தரா, நீ படிச்ச ஒவ்வொரு பாடப் புஸ்தகத்துலயும் முதல் பக்கத்துல அச்சடிச்சிருந்துதேடி, தீண்டாமை ஒரு பாவச்செயல்னு. கண்ணுல படலியா?" படாமல் என்ன? மனப்பாடமாகத் தெரியும். பாவச்செயல், பெருங்குற்றம், மனிதத்தன்மையற்ற செயல். ஆனால் தீண்டாமை என்பது எதிர்மறைத் தொழிற்பெயர். தீண்டாதீர் என்பது எதிர்மறை ஏவல் பன்மை வினைமுற்று. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்களோடு என்ன பேசுவது? அவர் எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விட்டார். இலக்கணம் என்றாலே இந்த வீட்டில் எழுந்து போய்விடுவார்கள்.

மிருணாவை ரேணுகா மேடம் வேலையிலிருந்து எடுத்துவிட்டாள். தப்பு யாருடையது என்று காட்ட ஒரு ஆள் வேண்டுமே. அவளும் ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு பெங்களூருக்குப் போய்விட்டாள். அங்கே ஏதோ ஹாஸ்டல். போன் செய்தால் 'ம்', 'சரி', 'வேலை இருக்கு'. அமுதவல்லியும் அவளோடு பேசுவதில்லை என்று பிறகு அவள் சிநேகிதி ஒருத்தி மூலம் தெரிந்தது. ஃபேஸ்புக்கில் யார் யாரோ அவளைத் திட்டி எழுதியிருக்கிறார்கள். ஜாதித்திமிர் பிடித்தவளாம். என் பெண்ணை! தெரு நாய்க்கு அடிபட்டால்கூட ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடுகிறவள். நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. திட்டுகிறவர்கள் எழுத்துப்பிழையில்லாமலாவது திட்டக்கூடாதா?

இப்போது அந்தப் படுதாவை பெங்களூர் மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள். பலகையோடு, கயிறோடு. அதற்கு ஒரு கேட்லாக், வழுவழுவென்று. இவர் எங்கிருந்தோ தருவித்தார். பிரித்துப் பார்த்தால் என் பலகைக்கு முழுப்பக்கப் படம். கீழே என்ன போட்டிருக்கிறது தெரியுமா? 'அறிவிப்புப் பலகை: மிருணாளினி, கண்காட்சி ஒருங்கிணைப்பாளர்.' அச்சில்! இனி அழியுமா? யார் எடுத்துப் பார்த்தாலும் அவள் எழுதினது என்றுதான் இருக்கும்.

இன்றைக்குச் சாயங்காலம் அங்கே பேச்சு. மேடையில் அமுதவல்லி. எதிரில் என் பெண். 'ஏன் அந்த வார்த்தையை எழுதினாய்' என்று கூட்டத்துக்கு நடுவில் அவளைக் கேட்கப் போகிறார்களாம், அவளும் பதில் சொல்கிறேன் என்று ஒத்துக்கொண்டிருக்கிறாளாம். என்ன பதில் சொல்வாள்? எழுதினால்தானே தெரியும்! நேற்று போன் பண்ணி, வருகிறேன் என்றேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு நேற்றுதான் முழு வாக்கியம் பேசினாள்.

"அம்மா, வராதே. வந்தா பின்னாடி உக்காரு. தயவு செஞ்சு வாயைத் திறக்காதே. நான் பாத்துக்கறேன்."

"எதுக்குடி நீ பாத்துக்கணும்?"

"ஏன்னா உன்னை அவங்க என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது."

தெரியாதாம். எனக்கு! நான் யாரிடமும் பேச்சு வாங்காதவளா? மாமியாரிடம் வாங்காத பேச்சா? சொல்லட்டுமே. திட்டுவதாயிருந்தால் எழுதினவளைத் திட்டட்டும். புகழ்வதாயிருந்தாலும் எழுதினவளைப் புகழட்டும். நடுவில் இவள் யார்? 'நான் பாத்துக்கறேன்' என்கிறாள். குழந்தையில் காய்ச்சல் வந்தால்கூட 'ஒண்ணுமில்லம்மா' என்று சொல்கிற ஜாதி அவள். ஜாதி என்றால் அந்த ஜாதி இல்லை. பாருங்கள், இப்போதெல்லாம் வாயைத் திறக்கவே யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? குடியாத்தம் வர இன்னும் நேரமிருக்கிறது. காட்பாடியே இப்போதுதானே தாண்டினோம். கதவருகில் காற்றாடவா? சரி, போங்கள். முடிவை மட்டும் கேட்டுவிட்டுப் போங்கள்.

முன் வரிசையில் உட்காரப் போகிறேன். பட்டுப்புடவையோடு. அவளைக் கேட்டதும், அவள் வாயைத் திறப்பதற்குள் எழுந்து சொல்லிவிடுவேன், நான்தான் எழுதினேன் என்று. கேட்லாக்கில் திருத்திப் போடுங்கள், என் முழுப் பெயர், அப்பா பெயர், எங்கள் தாத்தா பெயருக்குப் பின்னால் ஒரு பட்டம் உண்டு, இங்கே நாம் விட்டுவிட்டோம், பெங்களூரில் எல்லோரும் போட்டுக்கொள்கிறார்களே, அதையும் சேர்த்துப் போடுங்கள் என்று சொல்வேன். அந்த அமுதவல்லி நம்பமாட்டாள். தாய், மகளைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்பாள். சொல்லட்டும். அட்டையும் பட்டை நிப் பேனாவும் கொண்டுபோகிறேன். மேடையிலேயே, எல்லோர் கண்ணுக்கும் முன்னால், அதே சொல்லை, அதே டாவோடு, இன்னொரு தடவை எழுதிக் காட்டுகிறேன்.